தீபாவளியிலிருந்து பொங்கல் வரை எங்கள் குப்பை அறை ஏன் நாறுகிறது?

கேள்வி: பள்ளிக்கரணை பக்கம் 112 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் அசோசியேஷன் செக்ரட்டரியாக இருக்கிறேன். மற்ற மாதங்களில் குப்பை விஷயம் எப்படியோ ஓடிவிடுகிறது. ஆயுத பூஜையில் ஆரம்பித்துப் பொங்கல் முடியும் வரைதான் தாங்க முடியவில்லை. போன தீபாவளிக்குக் குப்பை அறைக் கதவை மூடவே முடியவில்லை, மழை வேறு, கார் பார்க்கிங் வரை அழுக்குத் தண்ணீர் ஓடி வந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே சண்டை. பொங்கல் முடிந்த வாரம் ஹவுஸ்கீப்பிங் அக்காவும் வேலையை விட்டுப் போய்விட்டார். இப்போது கமிட்டியில் இரண்டு யோசனை ஓடுகிறது. பல லட்சம் போட்டு உரம் தயாரிக்கும் மெஷின் வாங்கலாம் என்கிறார் ஒருவர். பிரிக்காமல் போடும் வீட்டுக்கு 500 ரூபாய் அபராதம் போடலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி? போகிக்குக் கேட்டுக்கு வெளியே எரிப்பதை விடமாட்டோம் என்று சொல்பவர்களை என்ன செய்வது? பெயர் வேண்டாம்.

பதில்: வணக்கம் மேடம்,

இந்த வருடத்துக்கு இரண்டுமே வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன இரண்டு விஷயங்களில்தான் என் கண் நின்றது. ஒன்று ‘மழை வேறு’ என்பது. இன்னொன்று அக்கா வேலையை விட்டுப் போனது. உங்கள் கேள்விக்கான பதில் முக்கால்வாசி அந்த இரண்டிலேயே இருக்கிறது.

பதினான்கு வருடமாகச் சென்னைக் குடியிருப்புகளின் குப்பையைப் பார்ப்பதுதான் என் தொழில். பண்டிகை என்றால் குப்பை கூடத்தான் செய்யும், அதை யாராலும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம், வீட்டுக்கு நாலு பேர் வந்து சாப்பிட்டுப் போவது நல்ல விஷயம்தானே. நான் பார்த்த வரையில் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஈரக் குப்பை வரும். உங்கள் 112 வீட்டுக்கு நூறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளியன்று அது ஒன்றரை மடங்கு ஆனாலும், கூடுதலாக நாலு டிரம் வைத்தால் அடங்கிவிடும். ஆகவே கதவை மூட முடியாமல் போனதற்கு அளவு காரணமில்லை. சாம்பார் வடிந்த கவர், அதன் மேல் பிரிக்காத பார்சல் அட்டைப்பெட்டி, அதற்குள் யாரோ சுருட்டிப் போட்ட டயாப்பர், அதன் மேல் வாழை இலை, எல்லாவற்றுக்கும் மேலே மழை. இப்படிக் குவிந்ததைக் கையால் தொட்டுப் பிரிக்க யாருக்கும் மனசு வராது, பழைய பேப்பர் கடைக்காரரும் தொடமாட்டார், அதனால் அது அங்கேயே கிடந்து வளர்கிறது. காற்றுப் புகாமல் தண்ணீரில் ஊறுகிற சாப்பாட்டுக் கழிவு அழுகித்தான் போகும், அந்த நாற்றம்தான் உங்கள் பார்க்கிங் வரை வந்தது. அதே கழிவு கொஞ்சம் சருகோடும் காற்றோட்டத்தோடும் இருந்தால் பெரிதாக நாற்றமே இருக்காது.

நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் பண்டிகையும் வடகிழக்குப் பருவமழையும் கைகோத்துக்கொண்டுதான் வருகின்றன. அதனால் முதலில் செய்ய வேண்டியது கூரை. குப்பை அறைக்கு வெளியே டிரம் வைக்கும் இடத்துக்கு ஒரு தகர ஷீட் போட்டு, டிரம்களைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தி ஒரு மேடையில் வையுங்கள், டிரம் அடியில் ஓட்டை போட்டுக் கசியும் நீரைப் பிடிக்க ஒரு தட்டு வையுங்கள். உலர் குப்பைக்கு முற்றிலும் தனியாக, நனையாத இடம் வேண்டும், கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஒரு மூலை போதும். நனைந்த அட்டைக்கு விலை கிடையாது. நனையாத அட்டை, தினசரி வந்து எடுத்துப் போகக் கடைக்காரரே ஆசைப்படுகிற சரக்கு. மெஷினுக்கு ஆகிற செலவில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாத வேலை இது.

அடுத்தது, ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு குப்பை உண்டு, அது எது என்று முன்கூட்டியே நமக்குத் தெரியும், எந்த நாளில் வரும் என்றும் காலண்டரில் அச்சடித்திருக்கிறது. ஆனாலும் அது கேட்டுக்குள் வந்து விழுந்த பிறகுதான் எங்கே போடுவது என்று யோசிக்கிறோம். உங்கள் கமிட்டி இந்த வருடம் செய்ய வேண்டியது இந்த ஒரே ஒரு மாற்றம்தான். குப்பை வருவதற்கு முந்தின வாரமே அதற்கு இடம் சொல்லிவிடுங்கள்.

ஆயுத பூஜையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதற்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. திருஷ்டிப் பூசணிக்காய், வாழைக்கன்று, பொரி, எலுமிச்சை, சாமந்தி மாலை. பூசணிக்காயில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நான் இந்தத் தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், வேளச்சேரிப் பக்கம் ஒரு குடியிருப்பில், நாற்பது ஐம்பது பூசணிக்காயை அப்படியே உரக்குழியில் கொட்டச் சொல்லிவிட்டேன், மக்கும் பொருள்தானே என்று. மறுநாளிலிருந்து மழை. நான்காம் நாள் குழி முழுக்கக் கூழாகி, புழு சுவரேறி முதல் மாடிப் பால்கனி வரை போய்விட்டது. அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, அழுதார். அதன் பிறகுதான், ஈரம் எவ்வளவு போகிறதோ அதற்கு ஈடாகக் காய்ந்த பொருள் கையில் இல்லாமல் எதையும் குழியில் போடக் கூடாது என்பதைக் கட்டாயமாக வைத்துக்கொண்டேன். நீங்களும் இப்போதே சருகு சேர்க்க ஆரம்பியுங்கள். வேப்ப மரம், பூவரச மரம் எது இருந்தாலும் சரி, கூட்டிக் குவிக்கும் இலையைக் கவரில் கட்டி வெளியே அனுப்பாமல் சாக்கில் அடைத்துக் கூரைக்குக் கீழே வையுங்கள், பத்துப் பன்னிரண்டு சாக்கு இருந்தால் தைரியமாக இருக்கலாம். போதாததற்குத் தேங்காய் நார்த் தூள் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

பூசணிக்காயை ரோட்டில் உடைக்க வேண்டாம் என்று குரூப்பில் அழுத்திச் சொல்லுங்கள், ஒவ்வொரு வருடமும் பைக்கில் போகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். கேட்டுக்கு உள்ளேயே ஒரு இடம் காட்டி அங்கே உடைக்கட்டும், உள்ளே வைத்த காசையும் குங்குமத்தையும் தட்டிவிட்டுத் துண்டுகளை ஓரமாக ஒதுக்கினால் போதும். வாழைத்தண்டு நார் சீக்கிரம் மக்காது, அரிவாளால் விரல் நீளத்துக்கு நறுக்கித்தான் போட வேண்டும். மாலையில் நூல் இருந்தால் உருவிவிடச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் சரிகை கட்டிய மாலைகள் இப்போது நிறைய வருகின்றன.

இனி தீபாவளி. இதில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒரே வாரத்தில் நாலு வேறு வேறு குப்பை வருகிறது.

பார்சல் பெட்டிகள் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே வர ஆரம்பித்துவிடும். ஆன்லைனில் துணி, பாத்திரம், பரிசு எல்லாம். பெட்டியை மடிக்காமல் அப்படியே வைத்தால் பத்துப் பெட்டி ஒரு அறையை அடைத்துக்கொள்ளும், மடித்தால் நூறு பெட்டி ஒரு சுவரோரம் நிற்கும். டேப்பைக் கிழித்துவிட்டு மடித்து வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. லிஃப்ட் பக்கத்தில் ஒரு கட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, மடித்துவிட்டு வையுங்கள் என்று ஒரு தாள் ஒட்டுங்கள், பாதிப் பேர் செய்துவிடுவார்கள், நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தெர்மாகோலை மட்டும் கடைக்காரர் எடுக்கமாட்டார், எடையே இல்லாத பொருளைத் தூக்கிப் போய் அவருக்கு என்ன கிடைக்கும்? அதை உடைக்காமல் முழுசாகத் தனிச் சாக்கில் போட்டு மாநகராட்சி வண்டிக்குக் கொடுங்கள். உடைத்தால் அந்த வெள்ளை மணிகள் பறந்து மழைநீர் வடிகாலில் போய் அடைக்கும், அதற்கு அடுத்தது உங்கள் பக்கத்துச் சதுப்பு நிலம்தான்.

ஸ்வீட் பெட்டி ஏமாற்றும் சாமான். பார்த்தால் அட்டை, உள்ளே பளபளவென்று பிளாஸ்டிக் பூச்சு, அதன் மேல் நெய். நெய் ஊறிய பெட்டியை நல்ல அட்டையோடு சேர்த்தால் மொத்தக் கட்டுக்கும் விலை போய்விடும். மேல் மூடி சுத்தமாக இருந்தால் அதைக் கிழித்து அட்டையில் சேருங்கள், அடிப்பெட்டியும் உள்ளே வைக்கும் எண்ணெய்த் தாளும் தனி. ஜிகினாத் தாள், மினுமினு கிஃப்ட் பேப்பர், சிப்ஸ் கவர் இவையெல்லாம் பல அடுக்குப் பிளாஸ்டிக், இதற்கும் கடையில் விலை இல்லை, ஆனால் காய்ந்து சுத்தமாக இருந்தால் மாநகராட்சி உலர் குப்பையில் எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிக் கொடுத்தால் விலை உண்டு. ஆவின் கவரும் அப்படித்தான். ஒரு சின்னப் பழக்கம் சொல்கிறேன், கவரின் மூலையை முழுசாக வெட்டி எறியாமல் ஒட்டியபடியே விட்டு வெட்டுங்கள், அந்த வெட்டிய துணுக்கு எந்தச் சல்லடையிலும் நிற்காமல் மண்ணோடு போய்விடுகிறது.

எண்ணெய் பற்றி யாருமே பேசுவதில்லை. 112 வீட்டில் பாதி வீட்டில் முறுக்கும் அதிரசமும் சுட்டாலே எத்தனை லிட்டர் மிச்ச எண்ணெய் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதைச் சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் ஆறி, சோப்போடு சேர்ந்து கட்டியாகி, தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம் தரைத்தள வீட்டுக் குளியலறையில் கழிவுநீர் பொங்கும். உங்களிடம் எஸ்டிபி, அதாவது கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அமைப்பு, இருந்தால் அதற்கும் கேடு, அதில் வேலை செய்யும் பாக்டீரியாவுக்கு எண்ணெய்ப் படலம் ஆகாது. இரண்டு பெரிய கேன் வாங்கிப் புனல் வைத்துப் பார்க்கிங்கில் வையுங்கள், ஆறிய எண்ணெயை ஊற்றிவிட்டுப் போகட்டும். பழைய சமையல் எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லேயே ஆரம்பித்துவிட்டது, இதை வாங்கிப் போகும் ஆட்கள் சென்னையில் இருக்கிறார்கள். ஓரளவு சேர்ந்தால்தான் வருவார்கள், அதனால் பக்கத்துக் குடியிருப்புகளோடு பேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பட்டாசுக் குப்பை. இதை மட்டும் தயவுசெய்து வேறு எதோடும் கலக்க விடாதீர்கள். பார்க்கக் காகிதம் மாதிரி இருக்கும், ஆனால் அதில் கந்தகமும் அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் ஒட்டியிருக்கிறது. உரத்தில் போகக் கூடாது, காகிதத்தோடும் போகக் கூடாது, குவித்து எரிக்கவே கூடாது, உள்ளே வெடிக்காதது ஒன்று இருந்தால் போதும், கை போய்விடும். மாநகராட்சி இதைத் தனியாக எடுத்துக் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரமான கழிவுகளைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு அனுப்புகிறது. ஒரு தீபாவளிக்கு நம் ஊரில் மட்டும் நூறு டன்னுக்கு மேல் இப்படிச் சேர்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை, அதைச் சாக்கில் தனியாகக் கட்டி, நனையாமல் வைத்து, பட்டாசுக் குப்பை என்று எழுதி வண்டியில் ஏற்றுவதுதான்.

நனையாமல் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2003லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், உங்களிடமும் இருக்கும். தீபாவளி இரவு வாசலில் கிடக்கும் பட்டாசுத் தூள் விடியற்காலை மழையில் கரைந்து எங்கே போகிறது? நேராக அந்தக் குழிக்குள், அங்கிருந்து உங்கள் போர்வெல்லுக்கு. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நமக்குக் காலை 6 மணியிலிருந்து 7 மணி வரையும் இரவு 7 மணியிலிருந்து 8 மணி வரையும்தான் வெடிக்க நேரம். எட்டரைக்கு எல்லா வீட்டிலிருந்தும் ஒரு ஆள் துடைப்பத்தோடு இறங்கட்டும், பிள்ளைகள் வரட்டும், இருபது நிமிட வேலை. வெடித்தவர்களே கூட்டுவதுதான் நியாயமும்கூட. வெடிக்காததை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிடுங்கள், மத்தாப்புக் கம்பிக்கும் ஒரு வாளி வையுங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்கா செருப்புக்கூடச் சரியாக இல்லாமல் வந்து அந்தக் கம்பி மேல் கால் வைப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கார்த்திகை தீபத்துக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, அகலில் மிச்சமிருக்கும் எண்ணெய் மட்டும்தான். கிறிஸ்துமஸ், புது வருடத்துக்குக் கேக் பெட்டியும் சீரியல் லைட்டும். எரியாத சீரியல் லைட், பேட்டரி, ரிமோட் எல்லாம் மின்னணுக் கழிவு, ஒரு பழைய வாளியை செக்யூரிட்டி மேஜைக்கு அடியில் வைத்துச் சேர்த்து வாருங்கள், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கலாம். அசோசியேஷனே நடத்தும் நியூ இயர் பார்ட்டிக்கும் பொங்கல் விழாவுக்கும் மட்டும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தெர்மாகோல் தட்டு, தண்ணீர்ப் பாக்கெட், சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாமே 2019 ஜனவரி 1லிருந்து தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் கமிட்டி இதைத் தானே வாங்கி வைத்தால் யாரும் மதிக்கமாட்டார்கள். வாழை இலை, பாக்குமட்டைத் தட்டு, வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு டம்ளர். இதைவிட எளிதாக ஒரு விழாவை நடத்த முடியாது.

போகி. எரிப்பவர்களிடம் சண்டை போடாதீர்கள், அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பழையன கழிதலும் புதியன புகுதலும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்தக் காலத்தில் கழிந்தது பாயும் ஓலையும் பழைய துடைப்பமும். இன்று டயர், பிளாஸ்டிக் நாற்காலி, பாலியஸ்டர் துணி, பெயின்ட் அடித்த பலகை. இவற்றின் புகை வேறு. ஜனவரி விடியற்காலையில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து நிற்கும், புகை மேலே ஏற வழியில்லாமல் நம் ஜன்னல் உயரத்திலேயே தங்கிவிடும். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்கவும் கிளம்பவும் முடியாமல் போனது நினைவிருக்கும். உங்கள் பகுதிக்காரர்களுக்கு நான் புகையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது நாள் கணக்கில் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நீங்கள். உங்கள் வீட்டுக் குப்பை போகும் இடமும் அதுதான்.

அதனால் எரிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் கழிக்க ஒரு வழி கொடுங்கள். போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, வேண்டாததை எல்லாம் கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள். பாத்திரம், புத்தகம், பொம்மை, மிக்ஸி, சைக்கிள், நல்ல துணி. முதலில் குடியிருப்புக்குள்ளேயே வேண்டியவர்கள் எடுக்கட்டும், பிறகு வீட்டு வேலைக்கு வருகிற அக்காக்களும் செக்யூரிட்டி அண்ணன்களும் கேட்டால் கொடுங்கள், ஆனால் கிழிந்ததையும் உடைந்ததையும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள். மிச்சத்துக்குப் பழைய சாமான் கடைக்காரரைப் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருங்கள். மெத்தை, சோபா, டயர் மாதிரிப் பெரிய பொருளுக்கு மாநகராட்சியின் 1913க்கு முன்கூட்டியே அழைத்துக் கேளுங்கள், போகி சமயத்தில் எரிக்காமல் எங்களிடம் கொடுங்கள் என்று அவர்களே கேட்டு வாங்குகிறார்கள். எரித்தே ஆக வேண்டும் என்கிற பெரியவர்களுக்கு, காய்ந்த வறட்டியும் ஓலையும் வைத்து ஒரே ஒரு சின்னத் தீ, எல்லோருக்கும் பொதுவாக, பத்து நிமிடம். பிள்ளைகள் மேளம் அடிக்கட்டும். நான் ஆலோசனை சொன்ன இடங்களில் இதை ஒப்புக்கொள்ளாத பெரியவர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வெள்ளை அடித்த பெயின்ட் டப்பா, தின்னர், காலாவதி மாத்திரை மட்டும் தனிப் பையில், வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லிக் கொடுங்கள்.

பொங்கலுக்கு வருகிற கரும்புச் சக்கை உங்களுக்கு வரம். நன்றாகக் காயவைத்து நறுக்கினால் அது நல்ல கார்பன், அதாவது ஈரத்துக்கு ஈடான காய்ந்த பொருள், சருகுக்குப் பதில் மாசி வரை உரக்குழிக்கு ஆகும். மஞ்சள் செடி, வாழை இலை எல்லாம் நறுக்கிப் போட்டுவிடலாம்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். இருபத்து நாலு மணி நேரத்தில் உரம் என்று விற்பார்கள். அவற்றில் பல, கழிவைச் சூடாக்கிக் காயவைத்துப் பொடியாக்குகின்றனவே தவிர, மக்கவைப்பதில்லை. அந்தப் பொடியை அப்படியே செடிக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மண்ணுக்குள் அது மறுபடி புளித்து வேரை வாட்டும். எடுத்து இன்னும் சில வாரம் முதிரவிட வேண்டும், அதற்கு எப்படியும் இடம் வேண்டும். கரண்ட் பில், வருடாந்திரப் பராமரிப்பு, ஒரு ஸ்பூன் உள்ளே போய்ச் சிக்கினால் மெக்கானிக் வரும் வரை நூறு கிலோ வாசலில். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரித்துப் போடாத குடியிருப்பில் எந்த மெஷினும் வேலை செய்யாது. பிரித்துப் போடுகிற குடியிருப்புக்குப் பெரும்பாலும் மெஷினே தேவைப்படாது, கம்பிவலை அடித்த காற்றோட்டமான நாலைந்து தொட்டியும் சருகும் புளித்த மோரும் போதும். இடமே இல்லாத, முந்நூறு நானூறு வீடு உள்ள இடத்துக்கு மெஷின் சரியாக இருக்கலாம், உங்களுக்கு அது இப்போது இல்லை. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள குடியிருப்புகள் குப்பையைப் பிரிக்க வேண்டும், மக்குவதை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே மக்கவைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதை எந்த முறையில் செய்வது என்பது உங்கள் விருப்பம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கமிட்டி பிடிவாதம் பிடித்தால், ஒரு வாரம் தினமும் ஈரக் குப்பையைத் தொங்கு தராசில் நிறுத்து எழுதி வையுங்கள், தீபாவளி வாரத்திலும் ஒரு முறை. விற்பவர் சொல்லும் கணக்குக்கும் உங்கள் நோட்டில் இருக்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தொட்டியில் வெள்ளைப் புழு வந்தால் பயந்து பினாயில் ஊற்றாதீர்கள், அது கழிவைத் தின்று உங்களுக்கு உதவுகிற புழு, சருகு கூட்டிப் போட்டு ஈரத்தைக் குறைத்தால் தானாக அடங்கும்.

அபராதத்தில் எனக்குக் கொள்கை விரோதம் எதுவும் இல்லை. ஆனால் எங்கே போடுவது என்றே தெளிவாகச் சொல்லாத இடத்தில் அபராதம் போட்டால் வசதி உள்ளவர் 500 ரூபாயைக் கொடுத்துவிட்டுக் கலந்து போட்டுக்கொண்டே இருப்பார், வாடகைக்கு இருப்பவர் மனம் புண்படுவார். கூரை, டிரம், தாள் எல்லாம் வைத்து, பச்சைக்கு ஈரம், நீலத்துக்கு உலர், நாப்கினும் டயாப்பரும் செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்புப் புள்ளி வைத்துத் தனியாக என்று ஆறு வாரம் பழக்குங்கள். கலந்து வந்த பையை எடுக்காமல் வாசலிலேயே விட்டுவிடுங்கள், கமிட்டி ஆள் யாராவது ஒருவர் போய்ச் சிரித்த முகத்தோடு காட்டிச் சொல்லட்டும். வாட்ஸ்அப்பில் ஃபிளாட் நம்பரோடு படம் போடாதீர்கள், அது குப்பையை மறக்கடித்துப் பகையை வளர்க்கும். பொங்கலுக்குப் பிறகும் திருந்தாதது நாலைந்து வீடாகத்தான் இருக்கும், அப்போது ஜெனரல் பாடியில் வைத்து அபராதத்தைப் பேசுங்கள்.

இதையெல்லாம் தினமும் கையால் செய்யப் போவது யார்? அக்கா ஏன் போனார் என்று கமிட்டியில் யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. மூன்று மாதம் நனைந்து கலந்த குப்பையை வெறுங்கையால் கிளறி, டயாப்பரையும் உடைந்த கண்ணாடியையும் பிரித்து, பார்க்கிங்கில் ஓடிய தண்ணீரைக் கழுவிவிட்டு, குரூப்பில் நடந்த சண்டையின் வெறுப்பையும் அவர்தான் வாங்கியிருப்பார். அடுத்து வருபவரும் இதே நிலையில் இருந்தால் தை மாதம் அவரும் போய்விடுவார். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, கம்பூட்ஸ், மழைக்கோட்டு இவற்றை ஐப்பசி பிறப்பதற்குள் வாங்கிவிடுங்கள். தீபாவளியன்றும் பொங்கலன்றும் சம்பளத்தோடு லீவு கொடுங்கள், அந்த இரண்டு நாள் ஈரக் குப்பையை வீட்டிலேயே மூடி வைத்துக்கொள்ள யாருக்கும் கஷ்டமில்லை. பண்டிகை வாரங்களில் கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளம், போனஸ் வேறு. அட்டை, பாட்டில், பால் கவர் விற்ற காசு முழுவதும் அவருக்கே என்று தீர்மானம் போட்டுவிடுங்கள், அசோசியேஷன் கணக்கில் அது பெரிய தொகையே இல்லை, அவருக்கு அது பிள்ளையின் பஸ் செலவு.

டிரம் எங்கே வைப்பது, எந்த வீட்டிலிருந்து என்ன வருகிறது, எந்த நேரத்தில் வண்டி வருகிறது என்பதெல்லாம் என்னைவிடவும் உங்கள் கமிட்டியைவிடவும் அவருக்குத்தான் தெரியும். போனவருடைய நம்பர் செக்யூரிட்டியிடம் இருக்கும். கூரைக்கு ஆள் பிடிப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் பண்ணி, என்ன நடந்தது, என்ன மாற்றினால் திரும்பி வருவீர்கள் என்று நீங்களே கேளுங்கள்.